யாருக்கும் நிற்காத பட்டை

சடையப்பனைக் கொன்றவனுக்கும் கண் தெரியாது.

நடந்ததை நான் காரின் கண்ணாடி வழியே முழுவதும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி, கோவையில் ஒரு பேருந்து நிலையத்தின் வெளிவாசல். சடையப்பன் எங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சோதனையாளன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். நெற்றியில் எங்கள் ‘துணை’ப் பட்டையைக் கட்டிக்கொண்டு, அத்தனை கூட்டத்திலும் யார் மீதும் உரசாமல், கண்ணுள்ளவர்களைவிட வேகமாக என் காரை நோக்கி வந்துகொண்டிருந்தான். எதிரே ஒருவன் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் நெற்றியிலும் பட்டை இருந்தது. ஓரத்தில் புடைத்த மஞ்சள் கோடு போட்ட ‘கலங்கரை’ப் பட்டை. எங்கள் போட்டியாளரின் சரக்கு.

சடையப்பன் நெருங்க நெருங்க அந்த ஆள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு கத்தினான்.

“துணைக்காரன் வந்துட்டான்! என்ற நெத்தி செத்துப்போச்சு! எவன்டா அது?”

“நான்தானுங்க, ஒரு மனுசன். சித்தெ அக்கட்டால தள்ளி நில்லுங்க, போயிடறேன்,” என்றான் சடையப்பன். குரலில் கேலி இருந்தது. அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான்.

அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. சுவரோரம் நின்றவன் கையில் கைத்தடிக்குப் பதிலாக ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டு வைத்திருந்தான். முதல் அடி தோளில் இறங்கியது. சடையப்பன் “அய்யோ” என்றான். அந்தச் சத்தத்தை வைத்து இரண்டாவது அடி காதுக்கு மேலே சரியாக விழுந்தது. மூன்றாவதற்குச் சத்தம் வரவில்லை. ஆனாலும் அவன் அடித்தான். நானும் என் டிரைவரும் கதவைத் திறந்து ஓடுவதற்குள் ஏழெட்டு அடி விழுந்துவிட்டது. யாரும் பிடிக்கவில்லை. ஒரு குருடன் இன்னொரு குருடனை அடிப்பதைப் பார்ப்பது மக்களுக்குப் புதுமையாக இருந்தது. கைபேசியில் படம் எடுத்தார்கள்.

அடித்தவன் பெயர் நல்லமுத்து. போலீஸ் இழுத்துப் போகும்போது, “என்ற பொண்டாட்டியக் குடுங்கடா” என்று அழுதான். பதினொரு நாள் முன்பு அதே வாசலில், அவனுடைய பார்வையற்ற மனைவியின் பட்டை திடீரென அடங்கிப்போய், அவள் பேருந்தின் முன்னால் கால் வைத்திருக்கிறாள்.

மாலையில் விசாரணைக்கு ஒரு பெண் இன்ஸ்பெக்டர் தொழிற்சாலைக்கு வந்தார். என் மகள் பூங்கோதைதான் பதில் சொன்னாள். பதினொரு வயதில் காய்ச்சலில் கண்ணை இழந்தவள் அவள். அவளுக்காகத்தான் பம்ப் செட் செய்துகொண்டிருந்த எங்கள் குடும்பம் இந்தத் தொழிலுக்கு வந்தது. இப்போது முப்பத்தொன்பது வயது. சோதனைப் பிரிவு முழுவதும் அவள் கையில்.

“எனக்கு ஒண்ணும் புரியலீங்க மேடம். பட்டை எப்படிங்க சாகும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பட்டை சத்தம் போடும்ங்க. உங்க காதுக்குக் கேக்காத சத்தம். அது போய்ச் சுவத்துல, மனுசங்க மேல மோதித் திரும்பி வரும். அத வெச்சு எங்க நெத்தியில ஒரு படம் வரையும். அறுநூறு முனை இருக்குது, குத்தாது, தொடும். வௌவாலு மாதிரின்னு வெச்சுக்குங்க.”

“சரி.”

“பத்து பேரு ஒரே எடத்துல சத்தம் போட்டா எதிரொலியெல்லாம் கலந்துபோகும். இல்லாத சுவரு தெரியும். இருக்கற குழி தெரியாது. அதனால ஒரு விதி. இன்னொரு பட்டை பேசுனா நம்ம பட்டை நிக்கோணும். அது முடிச்சதும் இது பேசும். கண் சிமிட்டற நேரத்துல நூறு பட்டைக்கு முறை வந்துரும். பட்டை செய்யற நாலு கம்பெனியும் இதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறோம்.”

“ரவுண்டானா மாதிரி. வர்ற வண்டிக்கு நின்னு வழி விடறது.”

“ஆமாங்க.”

“ரவுண்டானால எவனுங்க நிக்கறான்? அதனாலதான் எனக்கு வேலை இருக்குது,” என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிறகு சடையப்பன் பிணவறையில் கிடப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். “அப்ப யாரோ நிக்காம பேசறாங்க. யாருங்க அது?”

“அர்த்தநாரி,” என்றேன் நான்.

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரன். அவனுக்கும் பார்வை கிடையாது. என்னிடம் சோதனையாளனாகச் சேர்ந்தவன். காத்திருக்கும் விதியை யோசித்துக் கண்டுபிடித்ததே அவன்தான். அதற்குத் தன் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டான். எங்கள் குடும்பப் பெயரைத் தவிர வேறு பெயர் எங்கள் பொருளில் வராது என்று சொன்னேன். மறுநாள் வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் ‘கலங்கரை’ என்று தனியாகத் தொடங்கினான். என் உப்பைத் தின்றவன் எனக்கெதிராகக் கடை விரித்ததை நான் மறக்கவில்லை. அவன் பட்டைக்காரர்கள் பக்கத்தில் வந்தால் நெற்றியில் பொய்ச்சுவர் எழுகிறது என்று ஒரு வருடமாகவே எங்கள் வாடிக்கையாளர்கள் புகார் சொல்லி வந்தார்கள். அவர்களும் எங்களைப் பற்றிப் புகார் சொன்னார்கள். அது திருடனின் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

“அப்பா, தெரியாம சொல்லாதீங்க,” என்றாள் பூங்கோதை. பிறகு இன்ஸ்பெக்டரிடம், “சடையப்பண்ணன் கட்டியிருந்த பட்டை எனக்கு வேணுங்க. நாலு நாளைக்குக் குடுங்க,” என்று கேட்டாள். ரத்தம் காய்ந்த அந்தப் பட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பட்டைக்காரர்கள் நூறு பேர் திரண்டு ‘கலங்கரை’யின் கடை ஒன்றைக் கொளுத்தினார்கள். கண் தெரியாதவர்கள் வைத்த தீ. எந்தப் பக்கம் பரவுகிறது என்று தெரியாமல் வைத்தவர்களில் மூவர் அதிலேயே வெந்தார்கள். திங்களன்று திருப்பூரில் எங்கள் முகவரைப் பிடித்து, ‘துணை’ப் பட்டையை அவர் வாய்க்குள் திணித்துத் தாடையை உடைத்தார்கள். தெருவில் பார்வையற்றவர்கள் ஒருவரை ஒருவர் நெற்றியைத் தடவிப் பார்த்து, ஓரத்தில் கோடு இருக்கிறதா என்று விரலால் தேடி, பிறகு அடித்தார்கள். அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. வியாழக்கிழமை காலை முதல் அமர்வு. விதியை முதலில் மீறியது யார் என்பதைக் குழு கண்டுபிடிக்கும், அந்தக் கம்பெனி மூடப்படும் என்று அறிவித்தார்கள்.

என் தகப்பனார் பெயரில் நடக்கும் கம்பெனி அது. அந்தப் பெயர் குற்றவாளியின் பெயராக ஒரு நாள், ஒரு மணி நேரம் பேசப்படுவதைக்கூட நான் பொறுப்பதாக இல்லை. குழு உட்காரும்வரை காத்திருக்கவும் மனமில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் என் மகன் கொற்றவேலையும் வார்ப்படச் சாலையிலிருந்து பன்னிரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு அர்த்தநாரியின் பட்டறைக்குப் போனேன். எனக்கு எழுபத்தாறு வயது. யாரும் என்னை இழுத்துப் போகவில்லை. நானே முன்னால் நடந்தேன்.

கொற்றவேல் ஒரு லாரியின் மேல் நான்கு வெள்ளைப் பெட்டிகளை ஏற்றியிருந்தான்.

“இதென்ன?”

“இது கத்தும்ங்கப்பா. நமக்குக் கேக்காது. அவனுக பட்டை மொத்தமும் செத்துரும். அதுக்கப்பறம் உள்ள போலாம்.”

எப்படிச் சாகும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அர்த்தநாரியின் பட்டறை, மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கிடங்கு. நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஒருவருக்கும் பார்வை கிடையாது. நாங்கள் வாசலில் நின்றபோது உள்ளே அவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இயந்திரங்களுக்கு நடுவே சரசரவென்று போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் பாட்டு முணுமுணுத்தாள். கொற்றவேல் கையை உயர்த்தினான். லாரியில் இருந்தவன் பொத்தானை அழுத்தினான்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் உள்ளே நாற்பது பேரும் நடந்த நடையில் அப்படியே நின்றார்கள். பிறகு கைகள் முன்னால் நீண்டன. ஒரு தட்டு விழுந்தது. அடுத்து எல்லாத் தட்டுகளும் விழுந்தன.

எங்கள் ஆட்கள் புகுந்தார்கள். கம்பிகளால் இயந்திரங்களை அடித்தார்கள். குறுக்கே நின்றவர்களையும் அடித்தார்கள். எங்கிருந்து அடி வருகிறது என்று தெரியாதவர்கள் கையைத் தூக்கித் தடுப்பதில்லை. அடி பட்ட பிறகுதான் முகத்தைத் திருப்புகிறார்கள். ஒருவர் இயந்திரத்தின் சுழலும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். அவர் விரல்கள் போயின. ஓடியவர்கள் ஒருவர் மீது ஒருவர் விழுந்தார்கள். விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். என் முன்னால் நடந்ததை நான் நிறுத்தவில்லை.

அர்த்தநாரி அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். தலை நரைத்திருந்தது.

“அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்ங்க. முதலாளிதான. வாங்க, உள்ள உக்காந்து பேசலாம். பொம்பளைங்க இருக்கறாங்க, அடிக்கறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க.”

“சடையப்பன் செத்துட்டான்டா.”

“எனக்குத் தெரியாதுங்களா? பத்து வருசம் ஒரே போசியில சோறு தின்னவன் அவன். உங்களவிட எனக்குத்தான் அவன் சொந்தம்.”

“நிக்காத பட்டைய வித்துப்போட்டு, என்ற ஆளுகளக் கொன்னுபோட்டு, சொந்தம் கொண்டாடறயா?”

“நானுங்களா?” என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காக அடித்தேன். கைத்தடியின் பித்தளைப் பூண் அவன் இடது காதில் இறங்கியது. அவன் கூவவில்லை. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது.

அதே நேரத்தில் கிடங்கின் பின்பக்கம் ஒரு சத்தம். சரக்கு ஏற்றும் மேடை அங்கே நாலரை அடி உயரத்தில் முடிகிறது. பாட்டு முணுமுணுத்த பெண், வேலாமணி என்று பெயர், தப்பிக்க ஓடி அந்த விளிம்பைத் தாண்டிவிட்டாள். கீழே கான்கிரீட். கழுத்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தாள். எங்கள் ஆட்களே கம்பியைக் கீழே போட்டார்கள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்து பூங்கோதை வந்தாள்.

அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. கவிழ்ந்த முக்காலிகளைச் சுற்றி, உடைந்த கண்ணாடியைத் தாண்டி, எங்கள் ஆட்கள் இருவருக்கு நடுவே புகுந்து, நேராக அர்த்தநாரியிடம் வந்து குனிந்து அவன் தலையைப் பிடித்தாள். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. நாற்பது பேர் தரையைத் தடவிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவள் ஒருத்திதான் நடந்தாள்.

“தம்பி, பெட்டிய நிறுத்து,” என்றாள். கொற்றவேல் நிறுத்தவில்லை.

அர்த்தநாரி கேட்டான். “அம்மிணி, உங்க பட்டை இப்ப வேலை செய்யுதுங்களா?”

“கழட்டி வெச்சிருந்தேன், இப்பத்தான் கட்டுனேன். செய்யுதுங்க. கொஞ்சம் மங்கலா.”

“எங்க நாப்பது பேருக்கும் செத்துப்போச்சு. ஏன்னு உங்கப்பாருக்குச் சொல்லுங்க. எனக்குத் தலை சுத்துது.”

பூங்கோதை என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அப்பா, அந்தப் பெட்டி விடாம பேசிட்டே இருக்குது. வேற ஒண்ணுமே பண்ணல. இவங்க பட்டையெல்லாம் யாரோ பேசறாங்க, முடிக்கட்டும்னு காத்துட்டு நிக்குது. இப்பவும் நின்னுட்டுத்தான் இருக்குது. விதிய மீறுன பட்டையா இருந்தா எதுக்குங்கப்பா நிக்கோணும்?”

நான் சுற்றிலும் பார்த்தேன். கையை நீட்டிக்கொண்டு, ரத்தம் ஒழுக, நெற்றியில் மஞ்சள் கோட்டோடு நின்ற ஒவ்வொருவரும் அர்த்தநாரி கையெழுத்தைக் காப்பாற்றினான் என்பதற்குச் சாட்சியாக நின்றார்கள். அந்தச் சாட்சியை உண்டாக்கியவன் நான்.

“சடையப்பண்ணன் பட்டையக் கட்டிட்டு நேத்து மார்க்கெட்ல நடந்தேன். அதச் சொல்லத்தான் இவங்ககிட்ட வந்தேன்,” என்றாள் அவள். “கலங்கரை கட்டுன ஆளு ஒவ்வொருத்தரும் நான் பக்கத்துல போனதும் நின்னு போயிட்டாங்க. எதிர்ல இன்னொரு துணை வந்தப்பத்தான் எனக்குப் பொய்ச்சுவரு வந்துது. நம்மளும் நம்மளும்தான் மோதிக்கறோம். ரெண்டும் நிக்கறதில்ல. இத்தன நாளா என்ற சொந்தப் பட்டையிலயே சோதிச்சுட்டு எனக்கே தெரியாம இருந்துட்டேன். இது எப்பருந்து நிக்கறதில்ல? யாரு மாத்துனது?”

கொற்றவேல் என்னைப் பார்த்தான். அவளுடைய பட்டையை மாற்றச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் குலதெய்வக் கோயிலில் நோன்புத் திருவிழா. முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. பரிவட்டம் கட்டி, எங்கள் வீட்டுப் பெண் தீர்த்தக்குடத்தோடு முதலில் சன்னதிக்குள் நுழைய வேண்டும். அதன் பிறகுதான் மற்றக் குடும்பங்கள். அந்த வருடம் பூங்கோதை குடம் எடுத்தாள். சன்னதி வாசலில் பட்டை கட்டிய இருபது முப்பது பேர் நெருக்கி நின்றார்கள். அந்தக் காலத்துப் பட்டைகள் இப்போதுபோல வேகமானவை அல்ல; அவள் பட்டை அவர்களுக்கெல்லாம் முறை விட்டு நின்றது. அவளும் நின்றாள். ஐந்து விநாடிதான் இருக்கும். அதற்குள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி அவளைத் தாண்டிப் போய்விட்டாள். ஊரே பார்த்தது. அன்று மாலையே கொற்றவேலைக் கூப்பிட்டு, “நம்ம வீட்டு ஆளோட பட்டை எவனுக்கும் நிக்கக் கூடாது,” என்று சொன்னேன். அவன் மாற்றிக் கொடுத்தான். அடுத்த வருடம் பூங்கோதை முதலில் நுழைந்தாள். நான் நிமிர்ந்து நின்றேன்.

“அது ஒரு பட்டைதானேடா. எல்லாருக்கும் குடுக்கச் சொன்னது யாரு?” என்றேன் மகனிடம்.

“நீங்கதானுங்கப்பா.”

“நானா?”

“துணை கட்டுன ஒவ்வொருத்தரும் எங்க வீட்டு ஆளுன்னு ஏறுன மேடையிலயெல்லாம் சொல்றீங்க. வீட்டு ஆளு எவனுக்கும் நிக்கக் கூடாதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. அக்கா பட்டை நல்லா வேகமா இருந்துது. போன வருசம் வந்த புதுப் பட்டையில எல்லாத்துக்கும் அதையே வெச்சுட்டேன். வியாபாரம் ரெண்டு மடங்காச்சு. நீங்க மாலை போட்டீங்களே.”

அவன் என்னைக் கேலி செய்யவில்லை. என் வார்த்தையை நிறைவேற்றிய மகனாகத்தான் அங்கே நின்றான்.

நான் லாரிக்குப் போய்ப் பெட்டியின் வயரைக் கையால் பிடுங்கினேன். உள்ளே எல்லா நெற்றிகளும் ஒரே நேரத்தில் விழித்தன. முதலில் அவர்கள் கண்டது தரையில் கிடந்த ஒருவரையொருவர்தான். வேலாமணி இல்லை என்பது அவர்களுக்குப் பாட்டு நின்றதிலேயே தெரிந்திருக்கும்.

போலீஸ் ஏட்டில் ‘இரு தரப்பு மோதலில் தவறி விழுந்து மரணம்’ என்று எழுதப்பட்டது. கொற்றவேல் யாரையோ பார்த்துப் பேசியிருந்தான். புதன்கிழமை காலையில் வக்கீல் வந்தார். குழு கூடுவதற்குள் எல்லாப் பட்டைகளையும் ஒரே உத்தரவில் பழையபடி நிற்க வைத்துவிடலாம், தடயமே இருக்காது என்றார். கொற்றவேல் தலையாட்டினான். நான் எழுந்துவிட்டேன். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அர்த்தநாரியின் தலையில் பெரிய கட்டு. பூங்கோதை கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய் முதல் என்னோடு அவள் பேசவில்லை. தன் பட்டையைப் பழையபடி நிற்கும்படி அவளே மாற்றி அமைத்துக்கொண்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

“இடது காது போயிருச்சுங்க,” என்றான் அர்த்தநாரி. “சுத்தமா. டாக்டரு சொல்லிட்டாரு. உங்களுக்கு ஒரு காது போனா பாதிதான் போகும். எனக்கு ஒரு பக்க ஊரே போயிருச்சு.”

நான் நின்றபடியே சொன்னேன். “நாளைக்குக் குழு முன்னால உண்மையச் சொல்லப்போறேன். வேலாமணி விசயத்தையும். என்ற கைத்தடியையும். உன்ற கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்.” என் வாழ்நாளில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை.

“மன்னிப்பு எனக்கு வேண்டாம்ங்க.”

“வேற என்ன வேணும்?”

“அந்த மாத்தம் வேணும். நிக்காம பேசறது.”

பூங்கோதை நிமிர்ந்தாள். “அண்ணா, என்ன பேசறீங்க?”

“நீங்க சும்மா இருங்க அம்மிணி. அந்த விதிய யோசிச்சவன் நான். எல்லாரும் நிப்பாங்கன்னு நம்பி யோசிச்சேன். ஒருத்தன் நிக்கலைன்னா நிக்கறவன் எல்லாம் பொணம். நல்லமுத்து பொண்டாட்டி நின்னா. வேலாமணி நின்னா. ஒரு காதோட நான் இனி யாருக்கும் நிக்க முடியாது. முதலாளி, நீங்க குழுவுல ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். காத்திருக்கற விதியே தேவையில்ல, அத எடுத்துருங்கன்னு ரெண்டு பேரும் சேந்து எழுதிக் குடுக்கலாம். உங்க பேரு தப்பிச்சுரும். மத்த ரெண்டு கம்பெனி தானா மூடிக்கும்.”

என் பெயர் தப்பிக்கும் வழியை, நான் காதைப் பறித்த மனிதனே என் கையில் வைத்தான். பெற்றுக்கொள்ள ஒரு நிமிடம் மனம் ஆசைப்பட்டது என்பதை மறைக்கவில்லை. பிறகு விரல் போன அந்த மனிதர் ஞாபகம் வந்தார்.

“தர மாட்டேன்,” என்றேன்.

அர்த்தநாரி மறுபடி சிரித்தான். கட்டுக்குள் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினான். “நீங்க தர வேண்டியதில்லீங்க. உங்க மகன் மத்தியானமே வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் வாயத் தொறக்காம இருக்கறதுக்கு. துணையும் இப்ப மாதிரியே நிக்காம இருக்கட்டும்னாரு. காலையில ஆறு மணிக்குக் கலங்கரை எல்லாத்துலயும் மாறிரும்.”

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் கொற்றவேல் காரை மறித்து நின்றான்.

“அப்பா, நீங்க உள்ள போய்ச் சொன்னீங்கன்னா நான் ஜெயிலுக்குப் போவேன்.”

“நானும் வர்றேன். தனியா விட மாட்டேன்.”

“தாத்தா பேரு?”

“அது நேத்து மத்தியானம் நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோதே போச்சு. அதுக்கு முன்னாடி நான் கோயில்ல வாயத் தொறந்தபோதே போச்சு. தள்ளு.”

அவன் தள்ளவில்லை. பூங்கோதை மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். டிரைவர் காரைப் பின்னால் எடுத்துத் தோட்டத்து வழியாகப் போனார்.

குழு உட்கார்ந்த கட்டடத்தின் முன்னால் சாலை முழுவதும் பார்வையற்றவர்கள். முந்நூறு பேருக்குக் குறையாது. இரண்டு கம்பெனிப் பட்டைக்காரர்களும் நியாயம் கேட்க வந்திருந்தார்கள். அன்று காலை முதல் எந்தப் பட்டையும் எந்தப் பட்டைக்கும் நிற்பதில்லை. எல்லா நெற்றிகளிலும் இல்லாத சுவர்கள் எழுந்து விழுந்துகொண்டிருந்தன. ஒருவர் வெறும் காற்றைக் குத்தினார். இன்னொருவர் குழி என்று நினைத்துத் தாண்டி, ஒரு கிழவியின் மேல் விழுந்தார். அவள் பையன் விழுந்தவரின் கழுத்தை நெரித்தான். கல் பறந்தது, யாரை நோக்கி என்று எறிந்தவனுக்கும் தெரியாது. ஒன்று என் புருவத்தில் பட்டு, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. போலீஸார் லத்தியோடு கூட்டத்துக்குள் புகுந்தார்கள். லத்தி எங்கே வருகிறது என்று தெரியாதவர்கள் கலைந்து எந்தப் பக்கம் ஓடுவார்கள்? லத்தியை நோக்கியே ஓடினார்கள்.

காரிலிருந்து இறங்கிய பூங்கோதை இரண்டு அடி வைத்து நின்றுவிட்டாள். அவள் பட்டை ஒன்றுதான் அந்தச் சாலையில் காத்திருந்தது. அதற்கு முறை வரப்போவதில்லை. அவள் அதை நெற்றியிலிருந்து உருவிக் கைப்பையில் போட்டாள். இரும்பு முனைகள் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக இருந்தது.

நான் அவள் பின்னால் போய்த் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

“தள்ளாதீங்கப்பா,” என்றாள். “அப்படித் தள்ளுனா என்னய எங்க தள்ளறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்னால போங்க. நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கறேன். நீங்க நடந்தா எனக்குத் தெரியும்.”

இருபத்தெட்டு வருடம் இந்தக் கருவியை விற்றவன் நான். என் மகளை ஒரு முறையும் சரியாகக் கூட்டிப்போனதில்லை என்று அந்தச் சாலையில்தான் தெரிந்துகொண்டேன். முழங்கையைப் பின்னால் நீட்டினேன். அவள் பிடித்தாள். கூட்டத்தின் ஓரமாக, சுவரோடு ஒட்டி நடந்தோம். இரண்டு முறை யாரோ என்னை அடித்தார்கள். நான் திருப்பி அடிக்கவில்லை; கைத்தடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“அங்க படி இருக்குதுங்களா?”

“இருக்குது. ஏழு.”

“எண்ணிட்டே ஏறுங்க.”

சத்தமாக எண்ணினேன். ஒரு கண்ணில் ரத்தம் இருந்ததால் எட்டாவதாக ஒரு படி இருந்தது எனக்குத் தெரியவில்லை. இருவரும் தடுக்கினோம். அவள்தான் என்னை விழாமல் பிடித்தாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள்.